ஊற்றியதாகச் சொன்ன தண்ணீர்

சிங்க்குக்கு அடியில் இருந்த சிறிய அலமாரியின் கதவைத் திறந்து, தரையில் ஒரு சாக்கை விரித்து, மல்லாக்கப் படுத்துத் தலையை உள்ளே நுழைத்திருந்தார் தண்ணீர் ஃபில்டர் மாட்ட வந்த மெக்கானிக். வெளியே தெரிந்தது அவருடைய இடுப்புக்குக் கீழே மட்டும்தான். அந்தக் கால்களைத் தாண்டாமல், சமையல் மேடையின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என் மாமியார் நின்றார். இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். ஏதோ குளிர்பானம் வந்த பாட்டில்தான். ஒட்டியிருந்த தாளை உரித்துவிட்டு, ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி பாஸ்கா பூசையன்று கோயிலில் மந்திரித்த தீர்த்தத்தை அதில் பிடித்துவைத்திருந்தார். சுவரில் புதிதாகப் போட்ட துளையையும், உள்ளே ஓடிய வெள்ளைக் குழாய்களையும், சிங்க்குக்கு மேலே கொக்கின் கழுத்துபோல வளைந்து நின்ற ஒல்லிக் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "மாப்ள, இதுல நா எங்கன ஊத்த?"

வருடங்களுக்கு முன் மாட்டிய அந்த ஃபில்டரைக் கழற்ற இன்று ஆள் வருகிறார். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் புதியதற்குச் சொல்லிவிட்டாள். காலையிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வாசல்வரை போகிறேன், திரும்பி வருகிறேன், சமையலறைக்குள் எட்டிப் பார்க்கிறேன், மறுபடி வாசலுக்குப் போகிறேன். "என்ன, ஒங்களுக்கு ஏதாவது செய்யுதா?" என்று மனைவி ஒரு தடவை கேட்டாள். இல்லை என்றேன். உட்கார்ந்தால் இதை எழுதத்தான் வேண்டும் என்று தெரிந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

நான் இந்தத் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். நாசரேத்துப் பக்கம் மிஷன் பள்ளியில் படித்து வளர்ந்த புராட்டஸ்டன்ட் குடும்பம் எங்களுடையது. வேதபுத்தகம், பிரசங்கம், ஞாயிற்றுக்கிழமை தேய்த்த வெள்ளைச் சட்டை, இவற்றோடு எங்கள் பக்தி முடிந்துவிடும். சுரூபம் என்கிற சிலை, மெழுகுவர்த்தி, தீர்த்தம் எதுவும் எங்களுக்கு ஆகாது. என் மனைவி புன்னைக்காயல்காரி, கத்தோலிக்கக் கடற்கரைக் குடும்பம். நாங்கள் விரும்பிச் செய்துகொண்ட கல்யாணத்துக்கு இரண்டு பக்கத்திலும் பெரியவர்கள் யாரும் வரவில்லை. வந்த ஒரே ஆள் அவளுடைய அம்மா. பஸ் பிடித்துத் தனியாக வந்து, பதிவு அலுவலக வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பதித வீட்டுப் பிள்ளன்னாலும் பாக்க நல்லாத்தான் இருக்காரு" என்றார். எங்கள் சபைக்காரர்களைப் பழைய கத்தோலிக்கர்கள் பதிதர் என்பார்கள்; மதம் புரட்டியவன் என்ற ஏச்சு அது. அத்தையின் வாயில் அது செல்லப்பெயராகிவிட்டது. என்னை வம்புக்கு இழுக்க நினைத்தால் "என்ன பதிதரே" என்றுதான் தொடங்குவார். நான் அவரை அத்தை என்று கூப்பிட்டேன். என்னைப் பெற்றவர்கள் என்னோடு பேசாமல் இருந்த வருடங்களில், உறவு சொல்லிக் கூப்பிட எனக்கு அவர் ஒருவர்தான் இருந்தார்.

மாமா இறந்து, அத்தைக்கு முழங்காலும் மடங்காமல் போனபின் எங்களோடு அழைத்துவந்துவிட்டோம். வரும்போது ஓர் எவர்சில்வர் குடத்தையும் கொண்டுவந்தார். குடிக்கிற தண்ணீர் அதில்தான் இருக்க வேண்டும். காலையில் குடம் நிறைந்ததும், பாட்டிலைத் திறந்து ஒரு மூடி தீர்த்தம் ஊற்றுவார். ஊற்றும்போது வீட்டில் உள்ளவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். கடைசியாக அவருடைய இளைய மகனின் பெயர் வரும்; அதை மட்டும் இரண்டு தடவை சொல்வார். அவன் விசைப்படகில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தான். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் மனைவியோடு இருந்தான். அந்தத் தெருவில் நல்ல தண்ணீர் கிடையாது என்பதால், கடலுக்குக் கொண்டுபோகும் குடிதண்ணீரை முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் வந்துதான் நீலக் கேனில் பிடித்துக்கொண்டு போவான்.

என் மனைவிக்கு மஞ்சள் காமாலை வந்தது. எதிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எனக்குச் சந்தேகம் அந்தப் பாட்டில்மேல்தான். மாதக்கணக்கில் ஜன்னலோரம் வெயில்பட்டுக் கிடந்த தண்ணீர். அடியில் பச்சை படிந்திருந்தது. அதை வெளியே சொல்லாமல், நல்ல ஃபில்டராகப் பார்த்து வாங்கினேன். சிங்க்குக்கு அடியில் எல்லாம் மறைந்திருக்கும். மேலே ஒரு குழாய் மட்டும் தெரியும். குடம் வேண்டாம், ஃபில்டரைத் தாண்டி வந்த தண்ணீரில் இனி எதையும் கலக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். அதை மாட்ட ஆள் வந்த அன்றைக்குத்தான் அத்தை எங்கே ஊற்றுவது என்று கேட்டது.

"நெலத்தொட்டியில ஊத்திருங்கம்மா" என்றாள் என் மனைவி.

"எது? கக்கூசுக்கும் போற தண்ணியிலயா? ஏளா, ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா?"

"அப்ப தம்பி கேன்ல மட்டும் ஊத்திக் குடுங்க."

"ஒருத்தனுக்குன்னு தனியா ஊத்த இது என்ன மருந்தா மாயமா? வீட்டுத் தண்ணியில சேந்தாத்தான் எல்லாருக்கும் சேரும்."

அலமாரிக்குள்ளிருந்து மெக்கானிக்கின் சிரிப்புச் சத்தம் வந்தது. "ஆச்சி, இங்கன மொத குடுவ ஒண்ணு இருக்கு. மண்ணு தூசி பிடிக்கதுக்கு. அதத் தொறந்து மூடலாம். அதுல ஊத்துனா எல்லாத்துலயும் சேந்துதான் வரும்."

அத்தை குனிந்து பார்க்க முயன்றார், முழங்கால் விடவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மந்திரிச்சத இந்த மிசினு வடிச்சிராதா மாப்ள?"

"உப்பையும் கிருமியையும்தான் பிடிக்கும் அத்த. ஆசீர்வாதத்தப் பிடிக்கிற ஃபில்டர் இன்னும் எந்தக் கம்பெனிக்காரனும் கண்டுபிடிக்கல."

அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். "பதிதரே சொல்லிட்டாரு, பொறவென்ன?" என்றார். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தார். சாமியாரும் சிரித்துவிட்டு, தாராளமாகச் செய்யுங்கள் என்றாராம். அத்தையால் குனிய முடியாது, மனைவிக்கு உடம்பு தேறவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை, சனிக்கிழமை சாயங்காலம், நானே ஊற்றிவிடுகிறேன் என்று சொன்னேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

முதல் சில வாரங்கள் ஊற்றினேன். லேசான வேலை இல்லை அது. உள்ளே வரும் தண்ணீரை அடைக்க வேண்டும். கசிவதைப் பிடிக்க ஒரு வாளியை வைக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்பேனரைக் குடுவையில் மாட்டித் திருகினால் கழன்று வரும்; வரும்போது பழுப்புத் தண்ணீர் கையெல்லாம் வழியும். தீர்த்தத்தை ஊற்றி, ரப்பர் வளையம் நெளியாமல் மறுபடி திருகி மூட வேண்டும். முதுகு பிடித்துக்கொள்ளும். நான் குனிந்திருக்கும் நேரம் முழுவதும் அத்தை மேடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்று பெயர்களைச் சொல்லிக்கொண்டிருப்பார். குடும்பத் தலைவன் என்பதால் என் பெயர்தான் முதலில் வரும். அந்த ஜெபம் என் முதுகின் மேலாகப் போவதுபோல இருக்கும்.

பிறகு ஒரு சனிக்கிழமை. வாசலில் ஒரு நண்பர் காரோடு காத்திருந்தார். ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டும். தேய்த்த சட்டை போட்டிருந்தேன். குடுவை இறுகிக்கொண்டு வர மறுத்தது. ஸ்பேனரை ஒரு தடவை வழுக்கவிட்டேன், இன்னொரு தடவை வழுக்கவிட்டேன். பிறகு மூடியிலிருந்த தீர்த்தத்தை வாளியில் ஊற்றினேன். ஸ்பேனரைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிச் சத்தம் எழுப்பினேன். "ஆச்சு அத்த" என்று சொல்லி எழுந்தேன். வாளியை சிங்க்கில் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினேன். வரவேற்பில் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதும் நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் காரும் இல்லை, நண்பரும் இல்லை. ஆனாலும் அப்படியே செய்தேன். அதற்கு அடுத்த வாரமும். முதலில் வந்தது சோம்பல்தான்; காரணங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தவை. பாசி பிடித்த தண்ணீரைக் கொண்டுபோய் ஃபில்டரில் ஊற்றுவது மடத்தனம் என்று எனக்கு நானே பாடம் நடத்தினேன். கிழவியின் திருப்திக்கு ஊற்றினேன் என்ற சொல் போதும், ஊற்றுவது தேவையில்லை என்றேன். அடியில் இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பிரசங்கியார் தீர்த்தத்தையும் சுரூபத்தையும் கேலி செய்யும்போது முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்த பையன் எனக்குள் இன்னும் இருந்தான். அவன் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தான். வெளியே ஒரு வயதான பெண் என் பெயரைச் சொல்லி ஜெபம் செய்துகொண்டிருந்தார்.

மச்சினன் சாயங்காலம் கேனோடு வருவான். ஃபில்டரின் சிறிய டேங்கில் இருக்கிற தண்ணீர் முதலில் வேகமாக வரும். அது தீர்ந்தபின் நூல் மாதிரி இழையும். கேன் நிறைய வெகுநேரம் ஆகும். அதுவரை அவன் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். அத்தை நாற்காலியில் இருந்தபடி அவன் தலையில் ஒட்டியிருக்கும் மீன் செதிலை எடுத்துக்கொண்டே பேசுவார்.

"மச்சான், ஒங்க குழாயி என்ன, நீர்க்கடுப்பு வந்தவன் மாதிரி விட்டு விட்டுப் போவுது?"

"சீ, நாற வாயி! குடிக்கிற தண்ணிய வச்சிக்கிட்டுப் பேசுத பேச்சா இது?"

"நீ சொல்லும்மா. இதக் குடிச்சா எனக்கு ஒண்ணும் வராதுன்னு சொல்லுத. போட்டு டிரைவரு நாளெல்லாம் ஏசுதானே, அதுக்கு இதுல மருந்து இருக்கா?"

"ஒன்னய ஏசாம கொஞ்சவா செய்வான்? நீ வேல செய்யுத லச்சணம் எனக்குத் தெரியாதா?"

இப்படியே போகும். நான் முன்னறையில் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த ஃபில்டர் அவ்வளவு மெதுவாக விட்டதில் தாய்க்கும் மகனுக்கும் உட்கார்ந்து பேச ஒரு நேரம் கிடைத்தது. இந்த வீட்டில் அதனால் விளைந்த ஒரே நன்மை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் கடலில் வலையை இழுக்கும்போது இரும்புக் கயிறு அறுந்து மச்சினனை அடித்தது. தண்ணீரில் விழுந்தவனைக் கூட இருந்தவர்கள் உடனே குதித்துத் தூக்கிவிட்டார்கள். கரைக்குக் கொண்டுவரும்போது உயிர் இல்லை.

புன்னைக்காயலில் அடக்கம் முடிந்து தூத்துக்குடி திரும்பினோம். அவனோடு படகில் போனவர்களில் ஒருவர் இரண்டு நாள் கழித்து அவனுடைய சாமான்களைக் கொண்டுவந்து தந்தார். ஒரு சட்டை, செருப்பு, டிபன் வாளி, அந்த நீலக் கேன். கேனில் பாதிக்குமேல் தண்ணீர் இருந்தது. யாருக்கும் அதைக் கொட்ட மனம் வரவில்லைபோல. அத்தை அதைத் தன் நாற்காலிக்கு முன்னால் வைக்கச் சொன்னார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, அந்த வாரமும் ஊத்துனீயளா?"

என் மனைவி பக்கத்தில் நின்றாள். மச்சினன் மனைவி சுவரோரம் படுத்திருந்தாள். நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பொய் அவ்வளவு பழகியிருந்தது.

"ஊத்தினேன் அத்த."

"எல்லா வாரமும்?"

"எல்லா வாரமும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அழவில்லை. "அப்ப நாம ஒரு கொறையும் வைக்கல மாப்ள" என்றார். "அவதான் வச்சிட்டா."

அவள் என்று அவர் சொன்னது மாதாவை. நாம் என்று சொன்னதில் என்னையும் சேர்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை அத்தை சமையலறைக்கு வரவில்லை. ஜெபமாலையை ஆணியில் மாட்டினார்; அது அங்கேயே தொங்கியது. சுவர் மூலையில் வைத்திருந்த மாதா சுரூபத்தைப் பழைய துணியில் சுற்றி மகளிடம் கொடுத்து, "ஒன் பீரோவுல வச்சிக்கோ, எனக்குப் பாக்க வேண்டாம்" என்றார். பூசைக்குப் போகவில்லை. ஆகஸ்டு மாதத்து மாதா திருவிழாவில் ஊரே தெருவில் நின்றபோது கதவைச் சாத்திக்கொண்டார். கூப்பிட வந்த சொந்தக்காரர்களிடம், "கேக்குதவகிட்டதான சொல்லணும்? வாரா வாரம் சொன்னேன். என் மருமொவன் முதுகு நோவ ஊத்துனாரு. கேட்டாளா?" என்றார். அவர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். மாமியாரின் நம்பிக்கைக்காகக் குனிந்து நிமிர்ந்த வேறு சபை மருமகன். நான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

அந்தக் காலத்தில் நான் நடந்த நடைக்குக் கணக்கில்லை. ஃபில்டரின் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால் வீட்டில் இருக்க முடியாது. பீச் ரோட்டில் போய் முடியும்வரை போவேன். இன்னொரு நாள் உப்பளங்களின் பக்கம் போவேன். அந்த வெள்ளை வெயிலில் கண் கூசும், திரும்பிவிடுவேன். வந்த வழியிலேயே மறுபடி போவேன். வழியில் பார்த்த பழைய மாணவர் ஒருவர், "சாருக்கு சுகர் ரொம்ப கூடிட்டோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுவும் பொய்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அப்போது ஒரு பதில் வைத்திருந்தேன். மகனை இழந்தவருக்கு இதைச் சொல்லி இன்னொரு அடி கொடுப்பானேன் என்பது அந்தப் பதில். கேட்க இரக்கம் மாதிரியே இருக்கிறது. உண்மை வேறு. நல்ல மருமகன் என்ற பெயரோடே கடைசிவரை இருந்துவிட ஆசைப்பட்டேன். சொல்லியிருந்தால் அவருக்கு ஏச ஓர் ஆள் கிடைத்திருப்பான். பதிதன் புத்தியைக் காட்டிவிட்டான் என்று என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, தன் மாதாவின் முன்னால் உட்கார்ந்து அழுதிருப்பார். அந்த அழுகைக்கு நான் இடம் கொடுக்கவில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் கைவிடப்பட்டோம் என்று அவரை நம்பவைத்தேன். தீர்த்தத்தால் அவன் பிழைத்திருப்பான் என்று நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. அது எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

இரண்டு வருடம் கழித்து அத்தைக்கு இருதயம் தளர்ந்துபோனது. காலெல்லாம் வீங்கி, இரண்டு பேர் தூக்கிவிட்டால்தான் உட்கார முடியும் என்ற நிலை. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவி சாமியாரை வரவழைத்தாள். சாகக் கிடப்பவர்களுக்குச் சாமியார் வந்து, செய்த பாவங்களைச் சொல்லச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் கேட்டு, நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி, நன்மை என்கிற அப்பம் கொடுப்பார். அது இல்லாத ஒரு சாவு அந்தக் கடற்கரையில் யாருக்கும் வேண்டாம்.

அத்தை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்கு வேண்டாம் சாமி. சிரமப்பட்டு வந்தீய, காப்பி குடிச்சிட்டுப் போங்க."

சாமியார் எவ்வளவோ பேசிப் பார்த்துவிட்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தார். என் மனைவி சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டே சத்தம் வராமல் அழுதாள். "எங்கம்மா யாருமே இல்லாதவ மாதிரி போகப் போறா" என்றாள். நான் கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சாமியார் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து செருப்பைத் தேடினார். "கொஞ்சம் இருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போனேன்.

"அத்த, நான் ஊத்தல."

அவர் திரும்பவில்லை. "என்னத்த?"

"தீர்த்தத்த. ஃபில்டர்ல ஊத்தினேன்னு சொன்னது பொய். மொத சில வாரம் ஊத்தினேன். பொறவு ஊத்தல."

மெதுவாக முகம் என் பக்கம் வந்தது. "அப்ப எங்கன ஊத்துனீய?"

"வாளியில. பொறவு சிங்க்குல."

"சாக்கடையில."

"ஆமா அத்த."

அவருக்கு மூச்சு வாங்கியது. "கேன முன்னால வச்சிக்கிட்டுக் கேட்டேனே. அவன் குடிச்ச தண்ணிய வச்சிக்கிட்டுக் கேட்டேனே மாப்ள." இரண்டு பேர் தூக்க வேண்டிய உடம்பு. முழங்கையை ஊன்றி அவராகவே எழுந்துவிட்டார். "படுபாவி! அவளப் போயி ஏசிட்டேனே. ரெண்டு வருசமா அவ மொகத்துல முழிக்காமக் கெடந்தேனே. துணியில சுத்தி பீரோவுல போட்டேனே. எந்திரிச்சிப் போங்க. இங்கன நிக்காதீய." நான் உட்காரவே இல்லை, நின்றுகொண்டுதான் இருந்தேன். அதற்குள் அவர் என்னைத் தாண்டிச் சத்தம் போட்டார்: "ஏளா! சாமியாரு போயிட்டாரா? நிக்கச் சொல்லு! அவள எடுத்துட்டு வா பீரோவுலேந்து!"

கதவருகில் என் மனைவி நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். சாமியார் உள்ளே போனார், கதவு சாத்தப்பட்டது. வெகுநேரம் சாத்தியே இருந்தது. மாதாவை ஏசியதைத் தன் பாவமாக நினைத்து அவர் அங்கே சொல்லியிருப்பார். அந்தப் பாவத்தைச் செய்யவைத்த நான் வெளியே தெருவில் நடந்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் இருந்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. கோபம் அவருக்கு நல்லது செய்தது. சாயங்காலம் மச்சினன் மனைவியும் வந்து உட்கார, மூன்று பெண்களுமாக ஜெபமாலை சொல்வார்கள். என்னோடு பேசவில்லை. நான் அறைக்குள் போனால் கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் குழாயின் தண்ணீரைத் தொடவில்லை. அவருக்கென்று கடையில் கேன் தண்ணீர் வாங்கினோம். என் மனைவி ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "அன்னைக்கே சொல்லிருந்தா ஒங்களத்தான் வெறுத்துருப்பா. பெத்த மகனோட சேத்து மாதாவையும் பறிகொடுத்திருக்க மாட்டா."

கடைசி நாட்களில் ஒரு மத்தியானம், அம்மா கூப்பிடுகிறாள் என்று மனைவி வந்து சொன்னாள். மன்னிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. கட்டில் ஓரமாக நின்றேன். அத்தையின் குரல் மிகவும் சிறுத்திருந்தது.

"மொத சில வாரம் ஊத்துனேன்னீயளே. அது நெசந்தானா?"

"நெசம் அத்த."

"குடுவையத் தொறந்தா?"

"தொறந்து. சட்டக் கையெல்லாம் நனைஞ்சது. நீங்ககூட துண்டு எடுத்துக் குடுத்தீங்க."

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவருக்கு அந்தச் சில வாரங்கள் வேண்டியிருந்தன. அவன் கடலுக்குக் கொண்டுபோன தண்ணீரில் ஒரு தடவையாவது தன் ஜெபம் சேர்ந்ததா என்று தெரிய வேண்டியிருந்தது. அதைத் தெரிந்துகொள்ள என் வார்த்தையைத் தவிர வேறு வழி இல்லை.

"அன்னைக்கும் இந்த மொகத்த வச்சிக்கிட்டுத்தான சொன்னீய" என்றார். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

ஃபில்டரைக் கழற்ற மெக்கானிக் வந்துவிட்டார். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. வாளி ஒன்று வேண்டும் என்கிறார், மனைவி எடுத்துக் கொடுக்கிறாள். என்னைக் கூப்பிடவில்லை. அவள் அந்தச் சில வாரங்களை நம்புகிறாளா என்று நான் கேட்டதில்லை. எத்தனையோ தடவை கேட்கப் போய், சமையலறை வாசலிலிருந்தே திரும்பியிருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களை எல்லாரும் உடனே நம்பினார்கள். இந்த ஒன்று உண்மை. குடுவையைத் திறந்தேன், ஊற்றினேன், மூடினேன். முதல் சில வாரங்கள் அப்படித்தான் செய்தேன். இதைப் படிக்கிறவர்களும் என் வார்த்தையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு என்ன மதிப்பு என்பதை மேலே எழுதிவிட்டேன்.